அலையையும் நீரையும் ஒலிப்பதிவு செய்வது: தமிழகக் கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கரையில் நின்று கேட்கும்போது அலைக்கு ஆழம் இருக்கிறது, திசை இருக்கிறது, மூச்சு இருக்கிறது. அதையே பதிவு செய்து வீட்டில் போட்டால், நிலையம் கிடைக்காத ரேடியோ இரைவதுபோல ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. உடனே மைக்கின் மேல் பழிபோட்டு விலை கூடிய ஒன்றை வாங்குகிறோம். ஆனால் பெரும்பாலும் தவறு மைக்கில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது. எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையின் பாதி.

நீரின் ஒலி எங்கே பிறக்கிறது?

நீர் சும்மா நகர்ந்தால் ஏறக்குறைய சத்தமே வராது. சத்தம் போடுவது அதற்குள் மாட்டிக்கொள்ளும் காற்று. ஒவ்வொரு குமிழியும் பிறக்கும் கணத்தில் சுருங்கி விரிந்து ஒரு சுருதியில் ஒலிக்கிறது. டச்சு வானியலாளர் மார்செல் மின்னேர்ட் 1933இல் இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். 3.26ஐ குமிழியின் ஆரத்தால் (மீட்டரில்) வகுத்தால் அதன் அதிர்வெண் கிடைக்கும். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி 3,260 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், 1 செ.மீ. ஆரமுள்ளது 326 ஹெர்ட்ஸில். பொடி நுரை 'சர்ர்' என்று சீறுவதற்கும், சுருண்டு விழும் பெரிய அலை 'தொம்' என்று இடிப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே மைக்கைக் கடலை நோக்கி வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். குமிழி பிறக்கும் இடத்தையோ சாகும் இடத்தையோ நோக்கி வையுங்கள். மணற்கரையில் அப்படி மூன்று இடங்கள் உண்டு: அலை முறிந்து விழும் இடம், நுரை ஏறிவந்து ஓயும் விளிம்பு, நீர் வடியும்போது மணல் காற்றை உறிஞ்சிப் பொரியும் ஈரத்தரை. தூரத்தில் நின்று எடுத்தால் மூன்றும் கலந்து இரைச்சலாகிவிடும். ஏதாவது ஒன்றுக்கு அருகே போனால் அது முன்னால் நிற்கும், மற்றவை பின்னணிக்குப் போகும். காதுக்கு ஆழம் தெரிவது இந்த முன்பின் வேறுபாட்டால்தான்.

இடம்

கரை செங்குத்தாக இறங்கினால் அலை சுருண்டு விழும், இடி கிடைக்கும். கரை சரிவு குறைந்து தட்டையாக இருந்தால் அலை தூரத்திலேயே நுரையாகச் சிதறி வரும், சீறல் கிடைக்கும். போகும் கரை எந்த வகை என்பதைப் பார்த்துவிட்டு எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

பாறை ஒலிக்கு முட்டம், மாமல்லபுரம் போன்ற இடங்கள் நல்லவை. பாறை இடுக்கில் நீர் ஏறும்போது உள்ளே அகப்பட்ட காற்று பீறிட்டு வெளியேறும் ஒலி மணற்கரையில் கிடைக்காதது. மீனவ ஊர்களில் கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளின் கருங்கற்களுக்கு இடையிலும் அதே 'களக் களக்' உண்டு. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டிய கற்களில் பாசி வழுக்கும். மைக்கை நீண்ட கம்பில் கட்டி மேலிருந்து இறக்குங்கள், நீங்கள் கீழே இறங்காதீர்கள்.

ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் இரண்டு வேறு கடல்களைப் பதிவு செய்யலாம். அங்குள்ளவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் குமுறும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று பெண்கடலைக் கிளப்பிவிடும். சிற்றலை கரையை நக்கும் மெல்லிய ஒலி வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாக் நீரிணைக் கரைக்குப் போங்கள். அமாவாசை நாட்களை, குறிப்பாக ஆடி, தை அமாவாசைகளைத் தவிருங்கள். தர்ப்பணக் கூட்டத்தில் கடலே கேட்காது.

நேரம்

பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று வீசத் தொடங்கும். பதிவின் முதல் எதிரி அதுதான். இரவு முற்றியபின் விடியல் வரை காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும், வேகமும் குறையும். அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை மிக நல்ல நேரம். ஐந்தைத் தாண்டினால் காகங்கள், பிறகு ஒலிபெருக்கிகள், பிறகு நடைப்பயிற்சிக்காரர்கள். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிகள் இன்னும் முன்னதாகவே தொடங்கும் என்பதால் அந்த மாதத்தில் ஊரை விட்டு விலகிய கரையைத் தேடுங்கள்.

படகு எஞ்சின் இன்னொரு தொல்லை. வெளியே கேட்காத தூரத்து எஞ்சின்கூட நீருக்குள் தெளிவாகக் கேட்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் ஓடும் என்றாலும் கடலடி ஒலிக்கு ஆண்டிலேயே அமைதியான காலம் இதுவே. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

ஏற்றவற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு பெரிதில்லை, சுமார் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் நீர்மட்டம் 30 செ.மீ. ஏறினாலே விளிம்பு 6 மீட்டர் உள்ளே வந்துவிடும். வற்றும் நேரத்தில் பதிவு செய்தால் கருவிகள் நனையாது. ஆனால் அரை மணிக்கொருமுறை மைக்கை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும்.

உயிருக்கு ஆபத்தான ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உள்ளூரில் காற்றே இல்லாமல், தொலைதூரத் தென்கடலில் கிளம்பிய நீண்ட அலைகள் திடீரென்று கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் இப்படிப்பட்ட சீற்றத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரம், கால இடைவெளி, கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாவற்றையும் வெளியிடுகிறது. புறப்படுமுன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். காதில் ஹெட்போன் இருக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். பின்னால் வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஹெட்போனில் தெரியாது.

அதிகாலை இருட்டில் கம்பிகளோடு கரையில் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகப்படுவது நியாயம்தான். முந்தைய நாள் மாலையே ஊர்க்காரர்களிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். துறைமுகம், கடற்படைத் தளம், அணுமின் நிலையம் அருகே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது.

கருவிகள்

கையடக்க ரெக்கார்டர் ஒன்றும், நல்ல காற்றுத் தடுப்பும் போதும், தொடங்கிவிடலாம். பணம் குறைவாக இருந்தால் ரெக்கார்டரில் மிச்சம் பிடித்துக் காற்றுத் தடுப்பில் செலவு செய்யுங்கள். கருவியோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்சு கடற்கரைக்குப் பயன்படாது. குறைந்தபட்சம் நீண்ட முடியுள்ள ஃபர் கவர் வேண்டும். அதைவிடச் சிறந்தது, மைக்கைச் சுற்றிக் காற்று அசையாத இடைவெளி விட்ட கூண்டும் அதன்மேல் ஃபரும். காற்றின் உறுமலை அடக்குவது அந்த இடைவெளிதான். காய்ந்த மணல் தரையில் ஓடத் தொடங்கிவிட்டால் கையடக்கக் கருவியைப் பையில் வைத்துவிடுங்கள், எந்தக் கவரும் காப்பாற்றாது.

தனி மைக் வாங்குவதென்றால் எல்லாத் திசையிலும் ஒலியைப் பிடிக்கும் இரண்டு சிறிய ஓம்னி மைக்குகள் வாங்குங்கள். ஒருதிசை மைக்குகளைவிட ஓம்னி மைக்குகள் காற்றுக்கும் கைத்தடுமாற்றத்துக்கும் குறைவாகவே அசையும், அடிச்சுருதியையும் நன்றாகப் பிடிக்கும். பிரைமோ இஎம்272 கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் உள்ளுறுப்பு) போட்ட ஜோடி மைக்குகள் குறைந்த செலவில் மிகக் குறைந்த இரைச்சலோடு வேலை செய்பவை. ஈரப்பதத்தில் 'பட் பட்' என்று பொரியாமல் இருக்க வேண்டுமென்றால் சென்ஹைசரின் எம்கேஹெச் வரிசை நம்பகமானது. அவை ரேடியோ அதிர்வெண் முறையில் இயங்குவதால் ஈரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. விலைதான் கூடுதல்.

செல்போனில் பதிவு செய்வோருக்கு ஒரு வார்த்தை. போனின் மென்பொருள் பேச்சைக் காப்பாற்றவே எழுதப்பட்டது. தொடர்ந்து வரும் அலையோசையை அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி கெயினையும் (பதிவின் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைப்பது) அணைக்க முடிகிற செயலியைப் பயன்படுத்துங்கள்.

பதிவு செய்யும் முறை

1. ஏசி காரிலிருந்தோ அறையிலிருந்தோ கருவியை எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த கேப்சூலில் கடற்காற்றின் ஈரம் படிந்துவிடும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.

2. அந்த அரை மணியில் வெறுங்காதோடு கரையில் நடங்கள். பிறகு ஹெட்போனோடு, மைக்கைக் கையில் பிடித்து, முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் கேளுங்கள். ஒரு முறிவிலிருந்து அடுத்த முறிவுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 4, 5 விநாடியென்றால் அருகில் வீசும் காற்றின் அலை, ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 10 விநாடிக்கு மேல் என்றால் தூரத்து அலை. நடுவில் வடிநீரும் பொரியும் மணலும் தனியாகக் கேட்க இடம் கிடைக்கும்.

3. நுரை விளிம்புக்கு மைக்கை 3 முதல் 5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உயரத்தில் வையுங்கள். ஸ்டாண்டின் கால்களை மணலில் ஒரு சாண் புதைத்து மிதியுங்கள். அதன் நடுவில் தண்ணீர் பாட்டிலோ மணல் பையோ தொங்கட்டும்.

4. இரண்டு ஓம்னி மைக்குகளையும் 40 முதல் 60 செ.மீ. இடைவெளியில், கரைக்கு இணையாக நிறுத்துங்கள். அலை ஒரு பக்கம் முறியத் தொடங்கி மறுபக்கம் ஓடும்போது அந்த ஓட்டம் பதிவிலும் தெரியும். ஒருதிசை மைக்குகள் என்றால் 17 செ.மீ. இடைவெளி, 110 பாகைக் கோணம் உள்ள ஓஆர்டிஎஃப் முறை நல்லது. ஒரு மீட்டருக்கு மேல் விரித்தால் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும்.

5. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு போதும். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். பதிவை மெதுவாக்கி விளையாட நினைத்தால் 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். எம்பி3 வேண்டாம், அலையோசை போன்ற சீறலைத்தான் அது முதலில் சிதைக்கும்.

6. தானியங்கி கெயின், உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் இரண்டையும் அணையுங்கள். மூன்று நிமிடம் மீட்டரைப் பார்த்து, அதில் வந்த மிகப் பெரிய அலை மைனஸ் 12 டெசிபெலைத் தொடுமாறு கெயினை வையுங்கள். அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால் முதல் ஒரு நிமிடத்தை நம்பி கெயின் வைத்தால், அடுத்த கூட்டத்தில் உச்சி வெட்டுப்படும். பதிவு ஓடும்போது கெயினைத் தொடாதீர்கள். மிகச் சிறிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் வெட்டாமல் எழுதும் 32 பிட் ஃப்ளோட் கருவியானால் கெயின் கவலை இல்லை. ஆனால் காற்று மோதி மைக்கின் உள்ளேயே ஒலி உடைந்தால் அதை எந்த பிட்டும் சரிசெய்யாது.

7. கருவியின் லோ-கட்டை (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதி) அணைத்தே வையுங்கள். காற்று விடாமல் மோதினால் மட்டும் 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். அலையின் இடியும் அங்கேதான் இருக்கிறது. பதிவில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, பிறகு வெட்டுவதோ எந்த நாளும் முடியும்.

8. பதிவைத் தொடங்கிவிட்டு 10 மீட்டர் விலகி உட்காருங்கள். நைலான் சட்டை சரசரக்கும், பருத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பதிவு குறைந்தது 20 நிமிடம் ஓடட்டும்.

9. முடியும்போது தேதி, நேரம், இடம், காற்றின் திசை, ஏற்றமா வற்றமா, மைக்கின் உயரம் எல்லாவற்றையும் மைக்கிலேயே சொல்லி நிறுத்துங்கள். தொடக்கத்தில் சொல்வதைவிட முடிவில் சொல்வது நல்லது. அதற்குள் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்கும்.

அதே கரையில் இன்னும் இரண்டு பதிவுகள் எடுத்து வையுங்கள்: மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்று, வடியும் ஈரமணலுக்கு ஒரு சாண் உயரத்தில் ஒன்று. மேடு சீறலை மறைத்து உறுமலை மட்டும் விடும். ஈரமணல் பொரிவதை மட்டும் தரும். பிறகு கலக்கும்போது இந்த மூன்றும் கைகொடுக்கும்.

நீருக்குள்: ஹைட்ரோபோன் (நீருக்குள் வைக்கும் மைக்) செய்தல்

நீருக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றில் சுமார் 340தான். இதனால் நீருக்குள் இடம் வலம் பிரித்தறிவது காதுக்குக் கடினம். ஸ்டீரியோ வேண்டுமென்றால் இரண்டு ஹைட்ரோபோன்களைச் சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முதலில் ஒன்று செய்து பாருங்கள்.

வேண்டியவை: அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ வட்டு (சென்னை ரிச்சி தெருவிலும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்), ஷீல்டு (நடுக்கம்பியைச் சுற்றிய உலோக வலை) உள்ள ஒற்றைக் கம்பி கேபிள் 5 மீட்டர், 6.35 மி.மீ. பிளக், மெதுவாக இறுகும் அரால்டைட், வட்டைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் மூடி.

கேபிளின் நடுக்கம்பியை வட்டின் வெள்ளைப் பீங்கான் நடுவிலும், ஷீல்டைப் பித்தளை விளிம்பிலும் பற்றவையுங்கள். கம்பியில் முன்பே ஈயம் ஏற்றிக்கொண்டு, பீங்கானில் இரண்டு விநாடிக்குமேல் சூடுகாட்டாதீர்கள். வெள்ளிப்பூச்சு உரிந்தால் வட்டு வீண். மூடிக்குள் 2 மி.மீ. அரால்டைட் ஊற்றி, வட்டை வைத்து, மேலே 3 மி.மீ. மூடுமாறு இன்னும் ஊற்றுங்கள். கேபிளின் மேலுறையை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு பசைக்குள் புதையும்படி வையுங்கள். கேபிள் உறையில் பசை சரியாகப் பிடிக்காது, நீர் புகுவது எப்போதும் அந்த வழியாகத்தான். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு வேண்டாம், நாளடைவில் அது நீரை உறிஞ்சும். 24 மணி நேரம் விட்டுவிட்டு, உப்புக் கரைத்த வாளியில் ஓர் இரவு போட்டு, மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். மீட்டர் ஏதாவது எண் காட்டினால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

இணைக்கும்போதுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இந்த வட்டு சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கிபோல் நடந்துகொள்ளும். சாதாரண 3.5 மி.மீ. மைக் துளையின் உள்ளீட்டுத் தடை 2 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். அதில் செருகினால் சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். தகரத்தில் கீறுவதுபோன்ற ஒலி வருவது அதனால்தான், வட்டின் தரத்தால் அல்ல. 1 மெகா ஓம் உள்ளீட்டில் அதே வட்டு 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கித்தாருக்கான உள்ளீடுள்ள கருவி, அல்லது 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஜேஃபெட் பஃபர் (உள்ளீட்டுத் தடையை உயர்த்தித் தரும் சிறு மின்சுற்று) ஒன்றை நடுவில் வையுங்கள். கருவி மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தை (ஃபாண்டம்) அணைத்துவிடுங்கள்.

கடலில் கேபிளில் ஒரு சிறு கல்லைக் கட்டி, ஹைட்ரோபோன் தரையைத் தொடாமல் ஒரு முழம் மேலே தொங்கும்படி விடுங்கள். முறியும் அலைக்குள் போட்டால் உருளும் மணல் மட்டும்தான் கேட்கும். முறிவுக்கு வெளியே, அல்லது படகுத்துறைக் கம்பத்தின் நிழலில் இறக்குங்கள். கேபிள் எதிலும் உரசக் கூடாது. உரசல் அப்படியே பதிவாகும். பாறையும் பவளமும் உள்ள வெப்பக்கடலில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற இடைவிடாத பொரிவு கேட்டால், உங்கள் கருவி பழுதாகவில்லை. அது சொடுக்கு இறால். கொடுக்கை மூடும் வேகத்தில் உண்டாகும் குமிழி நொறுங்குவதே அந்த ஒலி, அங்கேயும் குமிழிதான்.

ஆறு, அருவி, குளம்

கூழாங்கல் ஆற்றில் ஒவ்வொரு கல்லிடுக்குக்கும் ஒரு சுருதி உண்டு. பாபநாசம் பக்கத்தில் தாமிரபரணியின் ஆழமில்லாத ஓரங்களைப் போன்ற இடத்தில் மைக்கை நீரிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். பத்து செ.மீ. நகர்ந்தாலே வேறு ஒலி வரும். வாய்க்கால் மடையும் நல்ல இடம்தான்; பம்புசெட் ஓடாத நேரமாகப் பாருங்கள்.

குற்றாலம் போன்ற பேரருவியின் நேர் எதிரே நின்றால் இரைச்சல் மட்டுமே கிடைக்கும். பக்கவாட்டில், சிறு கிளைநீர் பாறையில் சொட்டும் இடத்தை முன்னால் வைத்து, பேரருவியைப் பின்னால் விடுங்கள். தெறிக்கும் நீரைத் தடுக்கப் பிளாஸ்டிக் உறை போட்டால் துளி விழும் ஒவ்வொரு முறையும் தட்டும். தென்னைநார்ப் பட்டையைக் கூண்டின்மேல் போட்டால் துளி உடைந்து சத்தமில்லாமல் இறங்கும்.

பாசியும் நீர்க்கொடியும் உள்ள குளத்தில் நண்பகல் வெயிலில் ஹைட்ரோபோனை இறக்கிப் பாருங்கள். இலைகள் ஒளிச்சேர்க்கையில் விடும் ஆக்சிஜன் குமிழிகள் 'டிக் டிக்' என்று கேட்கும், நடுவே நீர்ப்பூச்சிகள் கீச்சிடும். தூறல் விழுந்தால் ஹைட்ரோபோனை வெளியே எடுக்காதீர்கள்: சிறு துளிகள் நீருக்குள் உண்டாக்கும் குமிழிகள் 15 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கூர்மையாக ஒலிக்கும்.

கோளாறுகள்

விட்டுவிட்டு 'பட் பட்' என்றால் கேப்சூலில் ஈரம். சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் ஓர் இரவு வையுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். தாழ்ந்த உறுமல் அலையோடு சேராமல் தனியே ஏறி இறங்கினால் அது காற்று. 50 ஹெர்ட்ஸ் முனகல் ஹைட்ரோபோனில் வந்தால் ஷீல்டு எங்கோ விட்டிருக்கிறது. நனைந்த ஃபர் ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்காது. உதறி, சீப்பால் சீவிக் காயவையுங்கள். இரு பக்கமும் கேட்க நன்றாக இருந்து மோனோவில் ஒலி மெலிந்தால், ஒரு மைக்கின் முனைகள் மாறியிருக்கின்றன.

வீட்டுக்கு வந்தபின்

பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்தபிறகே கார்டை அழியுங்கள். கோப்பின் பெயரில் தேதி, ஊர், ஒலி, மைக் அமைப்பு நான்கும் இருக்கட்டும். 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலேற்றி, காற்று நின்று இடி மிஞ்சும் புள்ளியில் லோ-கட்டை நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள். அதற்கு அலையும் இரைச்சல்தான், தின்றுவிட்டு உலோகச் சிணுங்கலை விட்டுவைக்கும். சுழற்சியாக ஓட்ட வேண்டுமென்றால் நீர் வடிந்து அடங்கும் இடத்தில் வெட்டி, 4 முதல் 6 விநாடி குறுக்குக்கலப்பு (முடிவு மெல்லத் தேய, தொடக்கம் மெல்ல ஏறுவது) கொடுங்கள். சுழற்சி மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் காது அதே அலையை அடையாளம் கண்டுவிடும்.

கருவிகளை அன்றே துடைத்துவிடுங்கள். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பிளக்குகளையும் ஸ்டாண்டின் திருகுகளையும் மறக்காதீர்கள். ஹைட்ரோபோனையும் கேபிளையும் முழுவதுமாக நல்ல நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, பிளக்கின் முனை கீழ்நோக்காதபடி கட்டிவையுங்கள். கேபிளில் வழியும் நீர் கடைசியில் சேருமிடம் அதுதான்.